தலைக்கணக்கோடு மல்லுக்கட்டிய ஸ்கா பங்க்: பாம் த மியூசிக் இண்டஸ்ட்ரி!, 2004–2014

வேகமும் கத்தலும் நிறைந்த ராக் இசையான பங்க்கில் குழு நடத்த மூன்று பேர் போதும்: கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஸ்கா என்ற ஜமைக்கா இசையை அதோடு கலந்த ஸ்கா பங்க் என்றால் அந்த மூவரோடு டிரம்பெட், டிரம்போன், சாக்ஸஃபோன் சேரும், கீபோர்டு சேரும், பாடுவதற்கென்று தனியாக ஒருவர் வருவார். ஏழெட்டுப் பேர் ஆகிவிடும். மேடையில் கிடைக்கும் பணம் மட்டும் மூன்று பேர் குழுவுக்கு என்ன கிடைக்குமோ அதேதான். இந்த இசையில் சொந்தக் காலில் நிற்கப் பார்த்த குழுக்களைப் பாட்டு கைவிட்டதைவிட, வண்டி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கைவிட்டதே அதிகம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்தத் தலைக்கணக்குச் சிக்கலுக்கு விடை தேடிப் பத்து வருடம் தாக்குப்பிடித்த குழு, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 2004ல் தொடங்கிய பாம் த மியூசிக் இண்டஸ்ட்ரி! ரசிகர்கள் பி.டி.எம்.ஐ. என்பார்கள், இங்கும் அப்படியே எழுதுகிறோம். இவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'பாட்டையெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்களே' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் வாதம் என்னவென்றால், அவர்கள் முதலில் செய்தது செலவைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. செலவு இறங்கிய பிறகுதான் இலவசமாகக் கொடுக்கவே வழி பிறந்தது. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டு, செலவை அப்படியே வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் இலவசமாக்கும் குழு ஆறு மாதத்தில் மூச்சுவாங்கும்.

இசையின் அமைப்பு, அதிலிருந்து வரும் செலவு

ஸ்கா 1950களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்தது. அதன் உயிர்நாடி கிட்டாரின் எதிரடி. நம் தாளக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு அடியையும் 'தக' என்று இரண்டாகப் பிரித்தால், கிட்டார் 'த'வில் வாயை மூடிக்கொண்டிருக்கும். 'க'வில் மட்டும் பேசும். வலது கை கீழிருந்து மேலாக மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் சுண்டும். சுண்டிய உடனே இடது கை விரல்களை லேசாகத் தளர்த்தி ஒலியைக் கொல்ல வேண்டும். புதிதாக வாசிப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஒலி அடுத்த அடிவரை இழுத்தால் ஸ்கா போய்விடும். வெறும் கிட்டார் சத்தம்தான் மிஞ்சும்.

இந்த இசை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1979ல் டூ டோன் லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) வழியாகப் பங்க்கோடு கைகோத்தது. அமெரிக்காவில் அதைப் பங்க் வேகத்துக்கே கொண்டுபோனதில் முக்கியமான குழு கலிஃபோர்னியாவின் ஆபரேஷன் ஐவி. 1987 மே முதல் 1989 மே வரை, பெர்க்லியின் கில்மன் தெரு அரங்கைச் சுற்றி இரண்டே வருடம் இயங்கிய குழு. ஒரே ஒரு முழு ஆல்பம். அவர்கள் மேடையில் நால்வர் மட்டுமே. நிரந்தர ஊதுவாத்தியக்காரர் ஒருவரும் கிடையாது. தலைக்கணக்குச் சிக்கலுக்கு அது ஒரு விடை: ஊதுவாத்தியத்தையே விட்டுவிடுவது. பின்னால் வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997ஐ ஒட்டி மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ் போன்ற குழுக்கள் வானொலியில் ஒலித்தபோது, ஸ்கா பங்க் என்றாலே ஊதுவாத்திய வரிசை என்று ஆகிவிட்டது. அந்த அலை சில வருடங்களில் வடிந்தது. நியூயார்க்கில் ஸ்காவுக்கென்றே இயங்கிய மூன் ஸ்கா லேபிள் 2000ல் மூடப்பட்டது. அலை வடிந்த பிறகும் அரங்குக்குப் போய் எட்டுப் பேராக நின்ற குழுக்களின் நிலைமை என்ன?

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அன்றைய சிறு அரங்குகளின் அளவுக்கு ஒத்துப்போகும்.

டிக்கெட் 8 டாலர், வந்தவர்கள் 70 பேர். வசூல் 560. அரங்குக்கும் ஒலி அமைப்புக்கும் 200 போனால் 360. உள்ளூர்க் குழுக்கள் இரண்டுக்குத் தலா 60 கொடுத்தால், வெளியூர்க் குழு கையில் 240. எட்டுப் பேர், வாத்தியங்கள், பெரிய வேன். காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 12 மைல்தான் ஓடும். அடுத்த ஊர் 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர்; 25 காலன், காலன் 3 டாலர் என்றால் 75. சாப்பாடு தலைக்கு 15 வீதம் 120. மிச்சம் 45 டாலர். இது நல்ல நாள். கூட்டம் 40 பேர்தான் என்றால் வசூல் 320, அரங்கு போக 120. உள்ளூர்க் குழுக்கள் பெருந்தன்மையாக ஒன்றும் வாங்காவிட்டாலும் 75 டாலர் கைநஷ்டம்.

அதே 40 பேர் கூட்டத்துக்கு இரண்டு பேர், காலனுக்கு 30 மைல் ஓடும் சாதாரணக் காரில் போனால் பெட்ரோல் 30, சாப்பாடு 30. கையில் 60 டாலர் நிற்கும். அதே கூட்டம், அதே பாட்டு, அதே டிக்கெட். கணக்கில் குறி மட்டும் மாறுகிறது.

முந்தைய குழுவின் பாடம்

பி.டி.எம்.ஐ.யைத் தொடங்கிய ஜெஃப் ரோசன்ஸ்டாக் 1982ல் பிறந்தவர். பி.டி.எம்.ஐ.க்கு முன், 1995லிருந்து தி அரகன்ட் சன்ஸ் ஆஃப் பிட்சஸ் என்ற லாங் ஐலண்ட் ஸ்கா பங்க் குழுவில் இருந்தார். ஊதுவாத்தியங்களோடு கூடிய பெரிய குழு, பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியது, ஊர் ஊராகச் சுற்றியது. 2004ல் அது நின்றபோது அதன் பெரிய ஆல்பமான த்ரீ சியர்ஸ் ஃபார் டிஸ்அப்பாயின்ட்மென்ட் இன்னும் வெளிவந்திருக்கவில்லை, 2006ல்தான் வந்தது. பெரிய குழுவில் ஒரு ஆல்பத்தை முடிப்பது எவ்வளவு இழுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. ஏழெட்டுப் பேரின் ஓய்வு நாள் ஒன்றாக அமைய வேண்டும், ஸ்டுடியோ வாடகைக்குப் பணம் சேர வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பகுதியை மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

அடுத்ததை ரோசன்ஸ்டாக் பெரும்பாலும் தனியாளாகச் செய்தார். கணினி, அதில் டிரம்ஸ் ஒலிக்க வைக்கும் டிரம் நிரல், தானே வாசித்த கிட்டாரும் கீபோர்டும். 2005ல் ஆல்பம் மைனஸ் பேண்ட், அதே வருடம் டு லீவ் ஆர் டை இன் லாங் ஐலண்ட், 2006ல் குட்பை கூல் வேர்ல்ட். முந்தைய குழு ஒரு ஆல்பத்தோடு போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே மூன்று வந்துவிட்டன. ஒலித்தரம் கரடுமுரடுதான், குரல் பல இடங்களில் மைக்கின் தாங்கும் அளவைத் தாண்டி உடைகிறது. அந்தப் பாடல்களின் பதற்றத்துக்கு அது பொருந்தியது என்பது வேறு விஷயம்.

ஐபாட் வாசிக்கும் குழு

மேடைக்கு வந்தபோது டிரம்ஸும் மற்ற வாத்தியங்களும் பாட்டுக் கேட்கும் சிறு கருவியான ஒரு ஐபாடிலிருந்து ஒலித்தன. அதன் மேல் ரோசன்ஸ்டாக் கிட்டார் வாசித்துப் பாடினார். இதோடு ஒரு திறந்த அழைப்பும் இருந்தது: பாட்டு தெரிந்தால் வாத்தியத்தைக் கொண்டுவந்து மேடையேறி வாசிக்கலாம். ஒரு ஊரில் இரண்டு பேர், இன்னொரு ஊரில் பத்துப் பேர். ஊதுவாத்திய வரிசை அந்தந்த ஊரிலேயே கிடைத்தது. அதை வேனில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. தலைக்கணக்குச் சிக்கலுக்கு ஆபரேஷன் ஐவி சொன்ன விடையைவிட இது நுட்பமானது என்பது எங்கள் எண்ணம். ஸ்காவின் ஒலியைக் குறைக்காமலே செலவைக் குறைத்தது.

இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. விரிவாகவே சொல்கிறோம்.

ஐபாடின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வருவது இரண்டு தடங்கள், இடமும் வலமும். ஒரு முனையில் சின்னப் பிளக், மறுமுனையில் மூன்று பட்டை கொண்ட பெரிய பிளக் உள்ள ஒற்றைக் கேபிளை வாங்கி மிக்ஸரின் மைக் வரிசையில் சொருகிவிடுவார்கள். அந்தத் துளை 'பேலன்ஸ்டு' வகை. நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து மிச்சத்தைத்தான் அது எடுத்துக்கொள்ளும். இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி இருப்பது எல்லாம் கழிந்து காணாமல் போகும். பதிவில் நடுவில் வைப்பது எவை? கிக் டிரம், ஸ்நேர் டிரம், பேஸ், முதன்மைக் குரல். அதாவது மேடைக்குத் தேவையானவை எல்லாம் மறைந்து, ஓரத்தில் வைத்த ஷேக்கரும் எதிரொலியும் மட்டும் மெலிசாகக் கேட்கும். 'ஐபாட் கெட்டுப்போச்சு' என்று பதறுவார்கள். ஐபாடுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சின்ன ஸ்டீரியோ பிளக்கிலிருந்து இரண்டு தனி மோனோ பிளக்குகளாகப் பிரியும் ஒய் கேபிள் ஒன்று, வரும் ஒலியை மிக்ஸருக்கு ஏற்ற பேலன்ஸ்டு வகையாக மாற்றும் டி.ஐ. பெட்டிகள் இரண்டு, மிக்ஸரில் இரண்டு சேனல். இவ்வளவுதான் தீர்வு. டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான், சார்ஜர் போட்டிருக்கும்போது வரும் இரைச்சலையும் பெரும்பாலும் நிறுத்திவிடும். அதைவிட நல்லது, முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய் சார்ஜரே போடாமல் இருப்பது.

அடுத்தது, அன்றைய ஐபாடின் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். பேஸ் ஒலிபெருக்கியின் மேல் வைத்தால், அடுத்த பாட்டை டிஸ்கிலிருந்து எடுக்கும் நேரத்தில் அதிர்வால் திக்கி நின்றுவிடும் ஆபத்து உண்டு. மடித்த துண்டின் மேல், ஒலிபெருக்கியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். 2005ல் வந்த ஷஃபிள், நானோ இரண்டிலும் சுழலும் டிஸ்க் இல்லை. இந்தத் தொல்லையும் இல்லை. பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் 20–30 விநாடி மௌனம் சேர்க்க வேண்டும். மொத்தக் கச்சேரியையும் ஒரே கோப்பாக வைப்பது தவறு. கம்பி அறுந்தால் நிறுத்த வழியிருக்காது. ஈக்வலைசர், பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதி இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மற்ற பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு பொத்தானைப் போட வேண்டும்.

இயந்திரம் காத்திருக்காது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். பாடகர் ஒரு வரியை விட்டால் மனித டிரம்மர் சமாளித்து ஒரு சுற்று கூட்டி வாசிப்பார். ஐபாட் போய்க்கொண்டே இருக்கும். மேடையில் பத்துப் புதியவர்கள் நிற்கும்போது பாதிப் பேருக்கு டிரம்ஸ் சத்தம் கேட்காது. முன்னால் உள்ள மானிட்டரில் (வாசிப்பவர்களுக்கான ஒலிபெருக்கி) ஸ்நேரை மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைத்தால் ஓரளவு கட்டுக்குள் இருக்கும்.

ஊதுவாத்தியக்காரர்களை மேடைக்கு அழைப்பவர்கள் சுருதிக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிட்டார்காரர்களுக்குக் கைவசமானவை இ, ஏ ஸ்கேல்கள். டிரம்பெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது வாசிப்பவர் சி என்று ஊதினால் ஒலிப்பது பி ஃபிளாட். ஆல்டோ சாக்ஸ் இ ஃபிளாட். கிட்டார் இ ஸ்கேலில் இருந்தால் டிரம்பெட்காரர் ஆறு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றி வாசிக்க வேண்டிய ஸ்வரம்) உள்ள எஃப் ஷார்ப்பிலும், ஆல்டோக்காரர் ஏழு ஷார்ப் உள்ள சி ஷார்ப்பிலும் வாசிக்க வேண்டியிருக்கும். பள்ளி பேண்டில் கற்றுக்கொண்டு வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை. கிட்டாரையும் பேஸையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டினால், விரல் அதே இ வடிவத்தில் இருக்கும், ஒலி இ ஃபிளாட் ஆகும். டிரம்பெட் ஒரே ஃபிளாட் உள்ள எஃப்பிலும், ஆல்டோ ஷார்ப்பே இல்லாத சியிலும் வாசிக்கலாம். ஆனால் ஐபாடில் உள்ள தடங்களும் அதே சுருதியில் பதிவாகியிருக்க வேண்டும். கச்சேரிக்கு முந்தைய நாள் யோசித்துப் பயனில்லை; பாட்டைப் பதியும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். கூடவே, பித்தளை வாத்தியம் சூடேறினால் சுருதி ஏறும், ஐபாட் ஏறாது. மேடையேறும் முன் ஐந்து நிமிடமாவது ஊதிச் சூடாக்கிவிட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

சட்டையை நீ கொண்டு வா

சுற்றும் குழுக்களுக்கு டிக்கெட்டைவிட டி-ஷர்ட்தான் சோறு போடும். ஆனால் டி-ஷர்ட்டுக்கு முதல் போட வேண்டும். நான்கைந்து அளவுகளில் அச்சிட்டு வேனில் ஏற்றினால், மீடியமும் லார்ஜும் முதல் வாரத்தில் தீர்ந்துவிடும். மற்றது டூர் முடியும்வரை பெட்டியில் கிடக்கும். பணம் அந்தப் பெட்டிக்குள் முடங்கிவிடும். பி.டி.எம்.ஐ. செய்தது, ரசிகர்களிடம் 'உன் சட்டையைக் கொண்டு வா' என்றது. எழுத்து வெட்டிய தாளான ஸ்டென்சிலை வைத்து ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கையிருப்பு கிடையாது, அளவுப் பிரச்சினை கிடையாது.

ஸ்டென்சில் வெட்ட அட்டையைவிட ஓ.எச்.பி. தாள் போன்ற பிளாஸ்டிக் தாள் நல்லது. அட்டை பத்துச் சட்டைக்குள் பெயின்ட்டில் ஊறி ஓரம் மெத்தென்று ஆகிவிடும். ஆங்கில ஓ, பி போன்ற எழுத்துகளின் நடுத்துண்டு கழன்று விழாமல் இருக்க, 3–4 மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட்டு வெட்ட வேண்டும். சட்டைக்குள் அட்டையைச் செருகாவிட்டால் முதுகுப்பக்கமும் பெயின்ட் இறங்கும். டப்பாவை 20–25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, நேர் மேலிருந்து, மெல்லிய இரண்டு பூச்சு. ஆசைப்பட்டு ஒரே பூச்சாகக் கொட்டினால் தாளுக்கு அடியில் வழிந்து எழுத்து ஊதிப்போகும். சாதாரண எனாமல் ஸ்ப்ரே துணியில் விறைப்பாக நிற்கும். சில சலவையில் வெடிப்பு விடும். துணிக்கென்றே வரும் பெயின்ட் அதிகம் உழைக்கும், விலையும் அதிகம். கட்டடத்துக்குள் அடிக்கவே கூடாது. வாசலில், காற்றோட்டத்தில், கச்சேரி தொடங்குவதற்கு முன்பே அடித்துவிட்டால் முடியும்போது காய்ந்திருக்கும்.

சிடி விஷயத்திலும் இதே வழிதான்: வெற்று சிடி-ஆர் கொண்டுவந்தால் பாட்டை ஏற்றிக்கொண்டு போகலாம். 40 நிமிட ஆல்பத்தை 16 மடங்கு வேகத்தில் எரித்தால், அதாவது சிடியில் பதிந்தால், தொடக்கமும் முடிப்பும் சேர்த்து நாலு நிமிடம் என்று வையுங்கள். முப்பது பேர் நின்றால் இரண்டு மணி நேரம். முன்கூட்டியே எரித்து வைத்ததைக் கொடுத்துவிட்டு வெற்றுத் தட்டை வாங்கிக்கொண்டால் வரிசை நிற்காது. காகித லேபிள் ஒட்டக் கூடாது. ஓரம் பிரிந்து பிளேயருக்குள் மாட்டும்.

க்வோட் அன்க்வோட் ரெக்கார்ட்ஸ்

2006ல் ரோசன்ஸ்டாக் தொடங்கிய இணைய லேபிள் இது. பாட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விரும்பினால் நன்கொடை தரலாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராக் குழுவான ரேடியோஹெட் 'விரும்பியதைக் கொடுங்கள்' என்று இன் ரெய்ன்போஸ் ஆல்பத்தை வெளியிட்டு உலகமே பேசியது 2007 அக்டோபரில். லாங் ஐலண்ட்காரர்கள் அதற்கு முந்தியவர்கள். கையில் பெரும்பணம் இல்லாமல் செய்தவர்கள் என்பது அதைவிட முக்கியம்.

நன்கொடையில் இரண்டு நடைமுறைக் கணக்குகள் உண்டு. முதலாவது, பணப் பரிமாற்றக் கட்டணம். அந்தக் காலத்தில் பேபால் அமெரிக்காவுக்குள் 2.9 சதவீதத்தோடு 30 சென்ட் எடுத்துக்கொண்டது. ஒரு டாலர் கொடுத்தால் ஏறத்தாழ 33 சென்ட் கட்டணத்திலேயே போய்விடும். 5 டாலருக்கு 45 சென்ட்தான் போகும். ஒரு டாலராக ஐந்து பேரைவிட ஐந்து டாலராக ஒருவர் கொடுப்பது நல்லது. நன்கொடைப் பெட்டியில் முன்கூட்டியே ஒரு தொகையை எழுதிவைப்பதன் பயன் இதுதான். இரண்டாவது, சேவைக் கணினியின் கொள்ளளவு. 192 கேபிபிஎஸ் எம்பி3யில் 40 நிமிட ஆல்பம் சுமார் 58 எம்பி. ஆயிரம் பேர் இறக்கினால் 58 ஜிபி. 2005–06ல் மலிவான ஹோஸ்டிங் கணக்குகள் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தன. பாட்டு பிரபலமான வாரத்திலேயே தளம் படுத்துவிடும்.

மற்றவர் பாட்டைப் பாடி வெளியிடும் குழுக்கள் மறக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் இலவசமாகக் கொடுத்தாலும், இயற்றியவருக்கான மெக்கானிக்கல் ராயல்டி தள்ளுபடி ஆகாது. 2006லிருந்து 2022 வரை அமெரிக்காவில் 5 நிமிடத்துக்குள்ளான பாட்டுக்கு ஒரு பிரதிக்கு 9.1 சென்ட் என்று இருந்தது. அந்த வீதத்தில் ஆயிரம் இலவச இறக்கத்துக்கு 91 டாலர் உங்கள் பையிலிருந்து.

கையில் பிடிக்கும் பொருளுக்கு இன்னொருவர் துணை இருந்தார். கலிஃபோர்னியாவின் மான்டி செரெனோவில், பெற்றோர் வீட்டு கராஜிலிருந்து மைக் பார்க் நடத்திய ஏஷியன் மேன் ரெக்கார்ட்ஸ். பார்க் கொரிய வம்சாவளி அமெரிக்கர். ஸ்கான்கின் பிக்கிள் என்ற ஸ்கா பங்க் குழுவில் பாடியும் சாக்ஸ் வாசித்தும் வந்தவர். 1996ல் இந்த லேபிளைத் தொடங்கினார். 1998ல் 'ஸ்கா அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' சுற்றுப்பயணத்தை ஏற்பாடு செய்தார். கெட் வார்மர் (2007), ஸ்க்ராம்பிள்ஸ் (2009) இரண்டும் ஏஷியன் மேன் வழியாகத் தட்டுகளாக வந்தன. அதே பாட்டுகள் இணையத்தில் இலவசம். பாட்டு சும்மா கிடைக்கும்போது தட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். கேட்டுப் பிடித்துப்போனவர்கள் வாங்குவார்கள். கேட்காத குழுவின் தட்டை யாரும் வாங்குவதில்லை, சிறு குழுக்களின் நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான்.

பத்து டாலருக்குள், எல்லா வயதுக்கும்

டிக்கெட் பத்து டாலருக்கு மேல் போகக் கூடாது, வயது வரம்பு வைக்கக் கூடாது என்பவை குழுவின் உறுதியான நிபந்தனைகள். முதலாவதைவிட இரண்டாவது கடினம். அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. சிறு அரங்குகள் பிழைப்பது பார் வருமானத்தில். பதினாறு வயதுக்காரர்கள் கோக் குடித்துக்கொண்டு நின்றால் அரங்குக்காரருக்குக் கட்டாது. அதனால் வாடகை கேட்பார், அல்லது முடியாது என்பார். மது கொடுக்கக் கூடாதவர் என்பதற்கு அடையாளமாகக் கையில் மார்க்கரால் எக்ஸ் குறி போட்டு சிறுவர்களை உள்ளே விடுவது ஒரு சமரசம். முன்னாள் படைவீரர் சங்க மண்டபம், தேவாலயக் கூடம், யாரோ ஒருவர் வீட்டு அடித்தளம் என்று பார் இல்லாத இடங்களுக்குப் போவது இன்னொரு வழி. அங்கே ஒலி அமைப்பு இருக்காது, வாடகைக்கு எடுக்க வேண்டும். எட்டுப் பேர் குழுவுக்கு மைக் மட்டும் பன்னிரண்டு வேண்டும்; ஒரு ஐபாட், ஒரு கிட்டார் ஆம்ப், ஒரு குரல் என்றால் கையடக்க மிக்ஸரும் இரண்டு ஒலிபெருக்கியும் போதும். செலவு குறைந்ததால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைத்தது. இடத்தை நாமே தேர்ந்தெடுத்தால் டிக்கெட் விலையும் நம் கையில்.

பெரிய குழுவின் கச்சேரியில் அவர்களுக்கு முன் வாசிக்கும் குழுவாகப் போகும்போது இந்த நிபந்தனைகள் பலிக்காது. விலையை வைப்பது முதன்மைக் குழுவும் ஏற்பாட்டாளரும். இப்படியொரு கொள்கை வைக்கும் குழு, நல்ல வாய்ப்புகள் சிலவற்றை வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

ஆட்கள் திரும்பி வந்தபோது

ரோசன்ஸ்டாக் இடையில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தார். கெட் வார்மர் அந்தக் காலத்துப் படைப்பு. டிரம் நிரலின் இடத்தில் மனிதக் கை வந்தது. ஒலி மூச்சுவிடத் தொடங்கியது. இந்த ஆல்பத்தைத்தான் புதியவர்கள் முதலில் கேட்க வேண்டும் என்போம். எதிரடியும் ஊதுவாத்தியமும் கத்தலும் இங்கே ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்கின்றன. நியூயார்க் திரும்பிய பிறகு வந்த ஸ்க்ராம்பிள்ஸ், பெருநகரத்தில் வாடகை கட்டி வாழ்வதன் ஆல்பம். பேஸில் ஜான் டிடொமெனிசி, டிரம்போனில் மேட் கீகன், கீபோர்டில் லாரா ஸ்டீவன்சன் என்று குழுவுக்கு முகங்கள் சேர்ந்தன. ஸ்டீவன்சன் பின்னால் தனிப் பாடகராகவும் பெயர் பெற்றார்.

ஆட்கள் வந்ததும் பழைய கணக்கும் கூடவே வந்தது. வேன் வேண்டும், ஆறேழு பேரின் வேலை விடுப்பு ஒன்றாக அமைய வேண்டும். டிக்கெட் பத்து டாலருக்குள் என்ற வாக்கு மட்டும் அப்படியே இருந்தது. வருமானத்தின் உச்சவரம்பை நாமே கட்டிவிட்டால் செலவு ஏறுவதற்கு இடமில்லை. இரண்டு பேர் காரில் போகும்போது அந்த வாக்கு சுமையில்லை. முப்பதை எட்டும் ஏழு பேருக்கு அது ஒவ்வொரு டூரிலும் சொந்தப் பணத்தைப் போடுவது. கடைசி ஆல்பம் வெக்கேஷன் (2011) இசையாகப் பார்த்தால் இவர்களின் முதிர்ந்த வேலை; ஸ்காவின் சுவடு அதில் மிகக் குறைவு. ரசனை மாறியதும் காரணமாக இருக்கலாம். ஊதுவாத்திய வரிசையைச் சுமக்கும் தெம்பு குறைந்ததும் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

2014 ஜனவரி 19 அன்று புரூக்ளினின் வார்சா அரங்கில் கடைசிக் கச்சேரி நடந்தது. கடனிலோ வழக்கிலோ சிக்கி முடிந்த குழு அல்ல. இது சிறிய விஷயமில்லை: ஆபரேஷன் ஐவி போன்ற குழுவே தன் பாடல்களை முதல் லேபிளான லுக்அவுட்டிலிருந்து திரும்பப் பெற்று, 2007ல் ஹெல்கேட் லேபிள் வழியாக மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. பி.டி.எம்.ஐ.யின் பாடல்களுக்கு அப்படி ஒரு மீட்பு தேவைப்படவில்லை. அவை க்வோட் அன்க்வோட்டில் இலவசமாகவே தொடர்ந்தன.

ரோசன்ஸ்டாக் தனிப்பெயரில் தொடர்ந்தார். டிடொமெனிசியும் அவர் குழுவில் பேஸ் வாசிக்கிறார். 2020ல் வந்த நோ ட்ரீம் ஆல்பம் முழுவதையும் ஸ்காவாக மாற்றி, 2021 ஏப்ரல் 20 அன்று ஸ்கா ட்ரீம் என்று வெளியிட்டார். பெருந்தொற்றுக் காலத்துப் படைப்பு அது. விருந்தாளிகளும் ஊதுவாத்தியங்களும் நிறைந்தது.

இன்று இந்த வழியில் போக நினைக்கும் குழு, குழுக்களே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற தளத்திலேயே 'விலை பூஜ்யம் அல்லது அதற்கு மேல்' என்று வைக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் தளத்துக்கு. 5,000 டாலரைத் தாண்டினால் 10 ஆகக் குறையும். முற்றிலும் இலவச இறக்கத்துக்கு மாதத்துக்கு 200 என்ற வரம்பு உண்டு. அது தீர்ந்தால் கூடுதல் எண்ணிக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வெளியீட்டு வாரத்துக்கு முன்பே அதற்கு ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். எல்லாத் தடங்களையும், ஊதுவாத்தியம் தனியாகவும் டிரம்ஸ் தனியாகவும் உள்ள கோப்புகளோடு சேர்த்து, இரண்டு தனித்தனி டிரைவ்களில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். டிரம்மர் வர முடியாத ஊருக்குப் போகும்போது தேவைப்படுவது அந்த டிரம்ஸ் கோப்புதான்.